மதினியின் முன்முடி

எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்கு இருக்கும் மரியாதை மனிதர்களுக்குக் கிடையாது. நான் மருமகளாக வந்த மூன்றாம் நாள், தெரியாத்தனமாக நுஸ்லா மதினியின் கத்தரிக்கோலை எடுத்துப் பால்மா பாக்கெட்டின் வாயை வெட்டிவிட்டேன். மதினி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை என் கையிலிருந்து வாங்கித் துப்பட்டாவால் துடைத்து, காதருகே வைத்து இரண்டு தரம் திறந்து மூடிச் சத்தம் கேட்டாள்.

"ஜெஸ்லா, இது உன்ட மாப்புள மாதிரி இல்ல. ஒருக்கா மழுங்கினா மழுங்கினதுதான்" என்றாள்.

அந்த மாப்பிள்ளை அவளுடைய சொந்தத் தம்பி றம்ஸி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதினியின் நாக்குக்குச் சொந்தம், அந்நியம் என்ற பேதம் கிடையாது.

மாத்தளை கொங்காவெலையில் எங்கள் வீட்டு முன்னறையில் அவளுடைய தையல் மெஷின் இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிறது. மதினியின் வாப்பா, என் மாமா பாறூக், ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். கடையில் மிஞ்சும் துண்டுகளை அவர் கொண்டுவந்து போட, அவற்றில் வெட்டி வெட்டித்தான் மதினி தொழில் படித்தாள். இப்போது இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து பிளவுஸ் துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிங்கள டீச்சர்மார் சேலை ஜாக்கெட்டுக்கு வருகிறார்கள். ஊரில் நிக்காஹ் என்றால் பெண்ணின் உடுப்பு மதினியிடம்தான். கேற்றைத் திறந்து ஒருத்தி உள்ளே வரும்போதே, "முப்பத்தெட்டு. போன முறைய விட ரெண்டு கூட" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுவாள். டேப் வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டுதான் இருக்கும்.

அவள் தொழிலில் மாறாத சட்டம் ஒன்று உண்டு. பருத்தித் துணி எது வந்தாலும் முதலில் அது வாளித் தண்ணீருக்குள் போகும். நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோல் படும். அவசரமென்று யாராவது கெஞ்சினால், "சுருங்குறது துணிட குணம். வெட்டுறதுக்கு முந்தியே சுருங்க வெச்சிரணும். உங்கட இடுப்புல போயி சுருங்கினா என்ன செய்றது?" என்று கேட்பாள். இடுப்பைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லோரும் துணியை வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாண உடுப்புத் தைத்தவளுக்கு நாற்பத்தொரு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. சம்பந்தம் வராமல் இல்லை. ஒருவர், கல்யாணத்துக்குப் பிறகு மெஷினை விற்றுவிட வேண்டும் என்றார். அவருக்கு மதினி தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்க விடவில்லை. இன்னொருவரின் உம்மாவுக்கு மதினியின் நிறம் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு மாமாவும் மாமியும் அடுத்தடுத்து மௌத்தானார்கள், வருஷங்கள் போயின, வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மதினி அதைப் பற்றி அழுது நான் பார்த்ததில்லை. மெஷின் மட்டும் சில நாட்களில் கொஞ்சம் வேகமாக ஓடும்.

அப்படியிருக்கும்போதுதான் கலேவெலயிலிருந்து ஹாஷிமின் சம்பந்தம் வந்தது. ஹாஷிம் பெரிய வெங்காயமும் மிளகாயும் தோட்டம் செய்து தம்புள்ளைச் சந்தைக்கு லொறியில் ஏற்றுகிறவர். மனைவி மௌத்தாகி ஐந்து வருஷம், பிள்ளைகள் இல்லை. அவருடைய மூத்த சகோதரி நோனா, இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு மதினியைப் பார்க்க வந்தாள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முக்காட்டை விலக்கிப் பின்னலை அவிழ்த்துப் பார்ப்பது எங்களுக்குத் தெரிந்த பக்கங்களில் உண்டு. சவுரியா, சொந்த முடியா என்று தெரிய வேண்டுமாம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் நோனா மதினியின் பின்னலை அவிழ்த்தபோது நானே வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். தினமும் பார்க்கிற முடிதான். உட்கார்ந்தால் மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய முடி. அவிழ்த்துவிட்டதும் கதிரையின் முதுகைத் தாண்டித் தரையைத் தொட்டது.

"அல்லாஹ்வே! இந்த முடியே போதும். இனி வேற என்னத்தப் பாக்கிற?" என்றாள் நோனா.

எல்லோரும் சிரித்தோம். மதினியும் சிரித்தாள். மறுநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது மட்டும், "முடிய வெச்சுத்தான் சரின்னு சொன்னாங்களா, ஜெஸ்லா?" என்று கேட்டாள். "பின்ன, உங்கட நாக்க வெச்சா?" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அது அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியாது.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை, பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த மதினி அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "எனக்கு லேயர் வெட்டணும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. இருபது வருஷமாக ஒரே பின்னல், முக்காட்டுக்குள் அந்தப் பாரம், வெயில் ஏறினால் தலைவலி. நீளத்தில் பெரிதாகக் கை வைக்கப் போவதில்லை, முன்னால் தோள் வரைக்கும் நாலு அடுக்கு விழ வேண்டும், அவ்வளவுதான் என்றாள். "ஊர்ல உள்ள பொண்ணுகளுக்கெல்லாம் உடுப்பு வெட்டின கை. எனக்குன்னு என்னத்த வெட்டிச்சு?" என்று கேட்டாள். அதற்கு மேல் நான் எப்படி வேண்டாமென்பேன்?

சலூனுக்குப் போகலாம் என்றேன். "அந்தப் புள்ள கத்தரிக்கோல் புடிக்கிறதப் பாத்தியா? கீரை கிள்ற மாதிரி" என்று முடித்துவிட்டாள்.

என் போனில் ஒரு வீடியோ தேடி எடுத்தோம். எந்த நாட்டுப் பெண்ணோ, குசினி அடுப்பருகே நின்றபடி முடி முழுவதையும் முன்னால் சீவி, நெற்றிக்கு மேலே ஒரு குடுமி போட்டு, நுனியைக் கச்சிதமாக வெட்டுகிறாள், குடுமியை அவிழ்த்ததும் முடி அடுக்கடுக்காக விழுகிறது. மூன்று நிமிஷ வேலை. மதினி அதை நாலு தரம் பார்த்தாள். பிறகு முடியை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"காயட்டுமே, மதினி" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

"நனைச்ச சாமான் இனிச் சுருங்காது. இருபத்திரெண்டு வருஷமா நான் என்ன செய்றேன்?" என்றாள். தொழில்காரியிடம் வாயாட நான் யார்? போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குனிந்து முடியை முன்னால் சீவினாள். பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக் துண்டால் நெற்றிக்கு மேல் கட்டினாள். டேப்பால் பதினாறு அங்குலம் அளந்தாள். அளந்த இடத்தில் பழக்க தோஷத்தில் சோக்கால் கோடு போடப் போனாள். ஈர முடியில் சோக்கு எங்கே பிடிக்கும்? ஓர் ஊசியைக் குத்தி அடையாளம் வைத்து, பிஸ்மி சொல்லி, ஒரே வெட்டு. நல்ல பருத்தியை வெட்டும்போது வரும் அதே சத்தம். எலாஸ்டிக்கை அவிழ்த்தாள். முடி நேராக, அடுக்காக, வீடியோவில் விழுந்த மாதிரியே விழுந்தது. இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டோம்.

அதோடு விட்டிருக்கலாம். "முகத்துக்குக் கொஞ்சம்" என்று முன்னால் ஒரு கற்றையைத் தனியாகப் பிரித்து உதட்டுக்கு நேராக வெட்டினாள். வெட்டிய முடியையெல்லாம் பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றி, பின்வளவில் மிளகுக் கொடிக்குக் கீழே புதைத்தோம். முடி காயட்டும் என்று மதினி பின்வாசலில் வெயிலில் உட்கார்ந்தாள். நான் சோறு வடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மதினியின் முடி பாதியைக் காணவில்லை.

துணி நனைந்தால் சுருங்கும். முடி காய்ந்தால் சுருங்கும். இந்த ஒரு விஷயம் இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவளுக்குத் தேவைப்படவேயில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. மதினியின் முடி சுருட்டை. அது அவளுக்கே தெரியாது. நீளத்தின் பாரமும் எண்ணெயும் இறுக்கிப் போட்ட பின்னலும் இத்தனை வருஷமாக அதை நேராக இழுத்து வைத்திருந்தன. பாரம் குறைந்ததும் அது பொரிகிற அப்பளம் மாதிரி சுருண்டு எழும்பிவிட்டது. தரையைத் தொட்ட பின்பக்கம் இடுப்புக்கு மேலே. தோளுக்கென்று வெட்டியது தாடைக்கு. உதட்டுக்கென்று வெட்டிய கற்றை புருவத்துக்குப் பக்கத்தில், வெளிப்பக்கமாக வளைந்து, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்பது போல நின்றது.

மதினி அதை இழுத்துப் பார்த்தாள். உதடு வரை வந்தது. விட்டாள். துள்ளி மேலே போனது. நாலு தரம் இழுத்தாள், நாலு தரமும் போனது.

"அளவு சரிதான், ஜெஸ்லா" என்றாள் கடைசியில். "சாமான்தான் வேற."

உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. முகம் பத்து வயது குறைந்து, கண் பெரிதாகி, நான் இத்தனை வருஷம் பார்க்காத ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் காதில் விழவில்லை. அந்தக் கற்றையை மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முடியே போதும்னு சொன்னாங்க. இப்ப அந்த முடி இல்ல" என்றாள்.

"அதுக்கென்ன? முக்காட்டுக்குள்ள யார் பாக்கப் போறா? சவுரி ஒன்னு வாங்கிச் சேர்த்துப் பின்னிட்டா முடிஞ்சுது" என்றேன். எனக்கு இந்த மாதிரி யோசனைகள் சட்டென்று வரும்.

மதினி என்னைப் பார்த்த பார்வையில் பால்மா பாக்கெட் வெட்டிய நாள் திரும்பி வந்தது. "ஒரு துணியக் காட்டிட்டு இன்னொரு துணியில தச்சுக் குடுக்கிறவ நான் இல்ல. விடிஞ்சதும் போன எடுக்கணும்."

வியாழக்கிழமை காலையில் நோனாவுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"நான் நுஸ்லா. ஒரு விஷயம் சொல்லணும். நீங்க அன்டைக்குப் பாத்த முடி இப்ப இல்ல. நானே வெட்டப் போயி கட்டையாப் போயிட்டுது. முன்னுக்கு நல்லாக் கட்டை. உங்கட தம்பிக்கிட்டச் சொல்லிருங்க. அவருக்குச் சரியில்லைன்னா இப்பவே சொல்லட்டும், நான் மனசுல ஒன்டும் வெச்சிக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"ம். சரி. சொல்றேன்" என்றாள் நோனா. போன் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வியாழன் முழுவதும் ஒரு பதில் இல்லை. வெள்ளி இல்லை. சனி இல்லை. கலேவெல என்ன மக்காவிலா இருக்கிறது? எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான் மூன்று நாளும் நோனாவை மனசுக்குள் திட்டியதைச் சேர்த்தால் மறுமைக்கு நான் சேர்த்த நன்மைகளில் பாதி போயிருக்கும். றம்ஸி விஷயம் தெரிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கலேவெலக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றார். மதினி விடவில்லை. "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டு வாசல்ல போய் நிக்க மாட்டேன்."

வீறாப்பெல்லாம் வாயில்தான். போன் அடித்தால் மெஷினில் கால் நின்றுவிடும். ஒரு தரம் இரத்தோட்டை ராசம்மா, "என் ரவிக்க முடிஞ்சிருச்சாங்க?" என்று கேட்க எடுத்தாள், மதினி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றாள். தைக்கத் தொடங்கவேயில்லை. பிறகு சொன்ன சொல்லுக்காக உட்கார்ந்து அதைத் தைத்தாள். அந்த மூன்று நாளில் தேங்கிக் கிடந்த ஒன்பது பிளவுஸ்களும் முடிந்தன. பயந்துதான் போயிருந்தாள். கல்யாணம் நின்றால் ஊர் பேசும் என்ற பயமல்ல அது. ஊருக்கு அவள் நாக்கே போதும். முடி இல்லாமல் தன்னை யாரும் விரும்ப மாட்டார்கள் என்ற பயம். சனிக்கிழமை கைக்கு மருதோன்றி வைக்கும்போது அதை அவளே சொன்னாள். "முடி போயி மிச்சம் ஈக்கிற என்னைய யாரு கேட்டா?" என்றாள். நான் மருதோன்றிக் கோனை வைத்துவிட்டு அழுதேன். என் பகிடியை நினைத்துத்தான் அழுதேன்.

ஞாயிறு காலை பத்தரைக்கு வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் வேன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று வேன். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போக, நோனா தட்டுகளோடு பெண்களைக் கூட்டிக்கொண்டு மதினியின் அறைக்குள் நுழைந்தாள். ஸலாமுக்குப் பதில் சொன்ன கையோடு நான் கேட்டுவிட்டேன்.

"மூனு நாளா ஒரு பதிலும் இல்லையே?"

"என்ன பதில்?" என்றாள் நோனா.

"முடி வெட்டினதுக்கு!"

"முடி வெட்டினதுக்கு என்ன பதில் சொல்றது? வெட்டினா வளரும்" என்றாள். "கல்யாண வீட்டுல எனக்கு ஆயிரம் வேல. அரிசி புடைக்கிறதா, ஆட்டுக்காரனப் பாக்கிறதா?"

நாங்கள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறோம், இவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா, தட்டைப் பிடுங்கி எறிவதா என்று தெரியவில்லை.

முக்காட்டுக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. "அவரு என்ன சொன்னாரு?"

"யாரு, ஹாஷிமா? சொன்னேன். 'ஆ' ன்னான். வெங்காயம் ஏத்தப் போயிட்டான்."

நோனா தட்டுகளை அடுக்கப் போனதும் மதினி என் கையைப் பிடித்தாள். "ஆ-ன்னா என்ன, ஜெஸ்லா? 'ஆ, சரி' யா? 'ஆ, அப்படியா' வா?" நான் என்னத்தைக் கண்டேன்? ஆம்பிளைகளின் 'ஆ'வுக்கு அர்த்தம் சொல்ல இன்னும் ஒருவரும் கிதாபு எழுதவில்லை.

பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்துவிட்டது என்று றம்ஸி போனில் சொன்னார். இனி மாப்பிள்ளை வருவார். எங்களில் ஒரு வழக்கம். நிக்காஹ் ஆனதும் மாப்பிள்ளை பெண்ணிடம் வந்து, அவளுடைய நெற்றி முன்முடியில் கை வைத்து, அல்லாஹ்வின் அருளும் பரக்கத்தும் கேட்டு ஒரு துஆ ஓத வேண்டும். மற்றக் கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். பெண்ணின் தலையில் முடி எங்கே இருக்கும்? இறுக்கி வாரிக் கட்டி, அதற்கு மேல் துணி, துணிக்கு மேல் வலை, வலைக்கு மேல் கல் வைத்த நெற்றிச்சுட்டி, இவற்றையெல்லாம் பிடித்து நிற்கும் குண்டூசிகள். மாப்பிள்ளை பாவம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் பிடித்தபடி ஓதிவிட்டுப் போவார்.

மதினியின் முக்காட்டை அவளே தைத்திருந்தாள். குத்தியது நான். அந்த முன்கற்றையை மட்டும் பதினொரு ஊசி போட்டு உள்ளே அடக்கியிருந்தேன்.

ஹாஷிம் உள்ளே வந்தார். உயரமான மனிதர், வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தவறான ஓட்டையில் போட்டிருந்தார். மற்ற நாளென்றால் மதினி அதைத்தான் முதலில் கவனித்திருப்பாள். அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, எல்லா மாப்பிள்ளைமாரையும் போல எங்கே வைப்பது என்று தேடினார். மதினி பெருமூச்சு விட்டாளோ, தலையை அசைத்தாளோ, என் ஊசி ஒன்று கழன்று விழுந்தது. கற்றை துள்ளி வெளியே வந்து புருவத்துக்கு மேலே நின்றது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். பாதியில் மறந்துவிட்டது. பின்னால் நின்ற நோனா எடுத்துக் கொடுக்க, முதலிலிருந்து ஓதி முடித்தார். எல்லோரும் ஆமீன் சொன்னோம். அவர் பிடித்த பிடியை விடவில்லை.

"ஓதி முடிஞ்சுது, விடு தம்பி" என்றாள் நோனா.

"கட்டையா வெட்டி வெச்சது நல்லதாப் போச்சு" என்றார் ஹாஷிம். மெதுவாக மதினியிடம்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இல்லாட்டி இத்தன ஊசிக்கு நடுவுல நான் எதப் புடிச்சு ஓதுற?"

முதலில் சிரித்தது நோனா. அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது. மதினி கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், தவறிப் போட்ட பொத்தானைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பெண் சிரிக்கலாமா, சத்தம் வரலாமா என்றெல்லாம் பார்க்காத சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்க மிச்ச ஊசிகளும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. சுருட்டை முடி முகத்தைச் சுற்றி நாலு பக்கமும் வெளியே வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததையும் துடைக்காமல் அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள்.

நான் பதறிப்போய், விழுந்த ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு முன்கற்றையை அடக்கப் போனேன். மதினி என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெளியில ஈக்கட்டும் விடு" என்றாள்.